வலியைச் சொல்லப் பழகிய அக்கா

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவருக்காக இன்று கூடியிருக்கும் உங்கள் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் போடலாம் என்று முடிவானபோது, எழுதும் பொறுப்பு தங்கையான எனக்கு வந்தது. இத்தகைய மலர்களில் வழக்கமாக இருப்பதுபோல நல்லவற்றை மட்டும் எழுதட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன். அக்காவின் கணவரைத்தான் மாமா என்கிறேன். 

"நடந்தத எழுது அம்மிணி," என்றார் அவர். "நான் பண்ணுனதயும் சேத்தி எழுது. உங்கக்கா மறச்சு வெச்சே பாதி ஒடம்பக் கெடுத்துக்கிட்டா. இதுலயும் எதுக்கு மறைக்கோணும்?"

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். படிக்கச் சிரமமாக இருக்கும் இடங்களுக்குப் பொறுத்தருள வேண்டும்.

கர்நாடகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் வாழும் மார்டள்ளிக்கு அடுத்த சிற்றூர் ஒன்றில், ராகியும் மக்காச்சோளமும் மானாவாரியாக விளைவிக்கும் ஒரு குடும்பத்தில் அக்கா மூத்தவராகப் பிறந்தார். எங்கள் சிறு வயதிலேயே அப்பா தவறிவிட்டார். ஏழாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. அம்மாவோடு காட்டு வேலைக்குப் போய் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். ஒருமுறை வெல்லப்பாகு கொதிக்கும்போது அவருடைய முழங்கையில் கொட்டிவிட்டது. தோல் உரிந்து தொங்கியது. அக்கா ஒரு சத்தம் போடவில்லை. "புள்ளைன்னா இப்படி இருக்கோணும், கல்லாட்டம்," என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்தப் புகழ்ச்சியை அவர் வாழ்நாள் முழுவதும் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது.

மாமா கட்டட வேலைக்காக மைசூர் போனவர். பிறகு லேத் எந்திரம் பழகி அங்கேயே ஹெப்பாள் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் நிரந்தரமானார். திருமணமான பின் அக்காவும் மைசூருக்கு வந்து, பொதுக் குழாயைச் சுற்றிய வரிசை வீடுகளில் ஒன்றில் குடித்தனம் வைத்தார். மகள் பிறந்தபோதும் அக்கா சத்தம் போடவில்லை. அதனால் குழந்தையின் தலை தெரியும் வரை பிரசவ வார்டில் யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிழிசல் பெரிதாகி, எழுந்து நடக்கவே நாளாயிற்று. அதையும் நம் வீடுகளில் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் அக்கா ஹெப்பாளிலேயே மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றும் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் சேர்ந்தார். மெல்லிய கம்பி அறுந்துவிடாமல், ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் சுற்ற வேண்டும். அவருடைய கை அதற்கென்றே அமைந்தது. புதிதாக வரும் பெண்களை அக்காவின் பக்கத்தில்தான் உட்கார வைப்பார்கள். மதியச் சோற்றை எடுத்து வராதவர்களுக்கும் சேர்த்து அவருடைய டிபனில் இருக்கும். அங்கே அவர் தமிழும் கன்னடமும் கலந்து பேசியதைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்களாம். எங்கள் பக்கத்துப் பேச்சு அவருடைய கன்னடத்தையும் விடவில்லை.

நோய் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. தீட்டு நின்ற பிறகும் உதிரம் பட்டதை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. இடுப்பு வலிக்குத் தைலம் தடவிக்கொண்டார். ஒரு கால் வீங்கியதற்கு, நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்வதுதான் காரணம் என்றார். வேலை செய்யும் மேசையிலேயே ஒருநாள் மயங்கி விழுந்தார். அதன் பிறகுதான் மருத்துவமனை. கருப்பை வாயில் புற்றுநோய் என்றும், மிகவும் முற்றிவிட்டது என்றும் சொன்னார்கள். இந்த இடத்தில் நோயின் பெயரை எழுதலாமா என்று எங்கள் குடும்பத்தில் சிலர் தயங்கினார்கள். அக்காவே பிற்காலத்தில் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் எழுதியிருக்கிறேன். பெண்கள் படித்துவிட்டு உடனே போய்ப் பரிசோதித்துக்கொள்ளட்டும்.

கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்தார்கள். சில மாதம் தேவலை போல இருந்தது. அதன் பிறகு வலி வந்தது. அடிவயிற்றில் தொடங்கி இடுப்பைச் சுற்றி வீங்கிய காலின் வழியாகப் பாதம் வரை இறங்கும் வலி. நான் கொள்ளேகாலில் என் வீட்டைக் கணவர் பொறுப்பில் விட்டுவிட்டு அக்காவோடு வந்து தங்கினேன். குப்புறப் படுக்கவும் முடியாமல் மல்லாக்கப் படுக்கவும் முடியாமல், சுவரைப் பிடித்தபடி பாதி உட்கார்ந்த நிலையில் அவர் பொழுதைத் தள்ளினார். எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் ஒரே பதில்: "பரவால்லீங்க."

அந்தப் பதிலை முதன்முதலில் ஏற்க மறுத்தவர் மருத்துவமனையில் வலிப் பிரிவைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர். கன்னடக்காரர். அந்தப் பிரிவு அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஒரு டாக்டர், இந்த சிஸ்டர், நடைவழியின் கடைசியில் ஓர் அறை, அவ்வளவுதான்.

"நோவு எல்லிந்த எல்லிவரெகு?" என்று கேட்டார். எங்கிருந்து எதுவரை வலி என்று.

"பரவால்லீங்க சிஸ்டர்."

சிஸ்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "அம்மா, நீங்க பரவால்லன்னா டாக்டரும் பரவால்லன்னு பாத்துட்டு, அதுக்குத் தக்க மருந்துதான் குடுப்பாரு. நோவு உங்க ஒடம்புக்குள்ள இருக்கு. எங்களுக்குக் காணல. நீங்க சொல்லலேன்னா நாங்க குருடு."

பிறகு தம் கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனி என்றால் வலி இருக்கிறது, மறந்திருக்கலாம். மணிக்கட்டு என்றால் மறக்க முடியாது. முழங்கை என்றால் வேறு எதையும் நினைக்க முடியாது. தோள் என்றால் இதற்கு மேல் வலியே இல்லை.

அக்கா வெகுநேரம் தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மற்ற கையால் முழங்கைக்கு மேலே, தோளுக்குச் சற்றுக் கீழே தொட்டார். தொட்டதும் அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். கொடுத்ததோடு விடாமல், அதை எப்படிக் கையாள்வது என்று ஒவ்வொரு முறை போகும்போதும் சிஸ்டர் கற்றுக்கொடுத்தார். வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. வலி இல்லாவிட்டாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை விழுங்க வேண்டும். படுக்கப் போகும்போது இரண்டு மடங்கு. குளிப்பது, நடப்பது போன்ற நோவு தரும் வேலை இருந்தால் அதற்கு முன்னதாக அவர்கள் தனியாகக் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம். முதல் சில நாள் குமட்டும், தூக்கம் வரும், பின்பு சரியாகிவிடும். மலச்சிக்கல் மட்டும் சரியாகாது, அதற்குரிய மருந்தைத் தவறாமல் சாப்பிட வேண்டும். எந்த மாத்திரைக்குப் பின் வலி எவ்வளவு இறங்கியது, எவ்வளவு நேரம் இறங்கியிருந்தது என்று கவனித்து வந்து சொல்ல வேண்டும். கம்பி சுற்றும்போது இருந்த அதே கவனத்தை அக்கா இப்போது தம் உடம்பின் மேல் வைத்தார். ஒரு வாரத்துக்குள் சுவரை விட்டுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்தார். அவர் குறட்டை விட்டுத் தூங்குவதைக் கேட்டு மகள் சிரித்தாள்.

இனி மாமா எழுதச் சொன்னதை எழுத வேண்டும்.

மாமாவின் தம்பி ஒருவர் குடியால் அழிந்தவர். அவரைச் சாக்கடை ஓரத்திலிருந்து தூக்கி வந்தது மாமாதான், கொள்ளி வைத்ததும் அவர்தான். மார்ஃபின் என்றால் போதை மருந்து, பிடித்தால் விடாது என்று தொழிற்சாலையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாமா யாரிடமும் கேட்கவில்லை. மத்தியான வேளைக்கு அந்த மாத்திரையை எடுத்துவிட்டு, அதே போன்ற வெள்ளை நிறத்தில் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையை வைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். ஒரு வேளையாவது குறைந்தால் அக்கா தப்பித்துக்கொள்வார் என்று நினைத்தார்.

அக்கா முதல் நாள் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் கவனித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் மாமா தண்ணீரோடு வந்து நின்றபோது மாத்திரையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, காலைல சாப்பிட்டா வலி மணிக்கட்டுக்கு எறங்குது. சாயந்திரமும் எறங்குது. மத்தியானம் மட்டும் எறங்க மாட்டேங்குது. இது அந்த மாத்திரை இல்லீங்களே?"

மாமா முதலில் மறுத்தார். பிறகு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"என் தம்பியப் பாத்தவன் நானு. நீயும் அப்படி ஆயிட்டீன்னா? இது இல்லாம இருக்க முடியலன்னு ஆயிட்டா என்ன பண்றது?"

"அவரு குடிச்சது எல்லாத்தயும் மறக்கோணும்னு. நான் இதச் சாப்பிட்டாத்தான் எந்திரிச்சு ஒக்காந்து உங்க மூஞ்சியப் பாக்க முடியுது. அவரும் நானும் ஒண்ணுங்களா?"

மாமா கையிலிருந்த தண்ணீரைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குப் பயம்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். நானும் ஆயுசுக்கும் சொல்லாம இருந்தவதான். சொல்லாம இருந்து என்னத்தக் கண்டேன்?" என்றார் அக்கா. "அடுத்த தடவை நீங்களும் உள்ள வாங்க. உங்களுக்கு இருக்கறதயெல்லாம் சிஸ்டர்கிட்டக் கேளுங்க."

மாமா போனார். வெட்கப்படாமல் எல்லாவற்றையும் கேட்டார். சிஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து மாத்திரை கொடுக்கும் வேலையை மாமா வேறு யாரிடமும் விடவில்லை.

பிறகு வந்த சில மாதங்கள்தான் இந்த வரலாற்றில் கொஞ்சம் வெளிச்சமானவை. மருத்துவமனைக்குப் போகும் நாளில் அக்கா நடைவழிப் பெஞ்சில் காத்திருக்கும் மற்றவர்களோடு பேசத் தொடங்கினார். அங்கே நஞ்சன்கூடு பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஜெயம்மா என்ற பெண்மணி இருந்தார். வாயில் புற்று. துணியால் வாயை மூடிக்கொண்டு ஒரு மூலையில் இருப்பார். கணவர் புட்டசாமிதான் அவருக்காகப் பேசுவார். மிகவும் மோசமாகும்போது வேண்டுமே என்று மருத்துவமனையில் கொடுத்த மாத்திரையையெல்லாம் ஜெயம்மா சாப்பிடாமல் சேர்த்து வைத்திருந்தார்.

அக்கா தம் அரைகுறைக் கன்னடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டார். நோவு வந்த பிறகு துரத்துவதற்கு இந்த மருந்து இல்லை, அதை வீட்டுக்குள் வரவிடாமல் வைப்பதற்கு என்று சொல்லிக்கொடுத்தார். பேச முடியாவிட்டால் கையைத் தொட்டுக் காட்டுங்கள் என்றார். மலச்சிக்கலைப் பற்றி அவர் கூச்சமில்லாமல் உரக்கப் பேசியதில் பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஜெயம்மாவும் துணிக்குள் சிரித்தார். சிஸ்டர் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்தே வைத்தார். அடுத்த முறை புதிதாக வந்தவர்களை அவரே அக்காவின் பக்கத்தில் உட்கார வைத்தார்.

பிறகு மருந்து நின்றது.

மருத்துவமனையில் மார்ஃபின் வைத்துக்கொள்ள அரசு அனுமதி வேண்டும். அது காலாவதியாகி, புதிய அனுமதி எந்த மேசையிலோ நின்றுவிட்டது. டாக்டர் அதற்காகப் பலமுறை பெங்களூர் போய் வந்தார். தமிழ்நாட்டுப் பக்கம் கிடைக்குமா பார்க்கலாம் என்று என் கணவர் எல்லைக் காட்டிலுள்ள பாலாறு வழியாகப் போனார். அப்போது காட்டுச் சாவடியில் பயணிகளை இறக்கிப் பை பையாகச் சோதித்தார்கள். அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில், வேறு மாநிலத்து நோயாளிக்குக் கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். வெறுங்கையோடு வந்தார்.

வேறு மாத்திரைகள் கொடுத்தார்கள். ஊசி போட்டார்கள். எதுவும் போதவில்லை. வலியோடு கூட வியர்வை, வயிற்றுப் பிசைவு, கை கால் நடுக்கம் எல்லாம் சேர்ந்து வந்தன. அதைக் கண்டு மாமாவுக்குப் பழைய பயம் திரும்பிவிட்டது. சிஸ்டர் வீட்டுக்கே வந்து அவரிடம் சொன்னார்: "சடன்னா நிறுத்தினா யார் ஒடம்பும் இப்படித்தான் ஆகும். ஒடம்பு பழகினது ஒண்ணு, மனசு அடிமை ஆகறது இன்னொண்ணு. ரெண்டும் வேற வேற, அண்ணா." சொல்லிவிட்டு அக்காவின் காலடியில் உட்கார்ந்தார். "எல்லாம் கத்துக்குடுத்தேன். மருந்து மட்டும் எங்கிட்ட இல்ல அம்மா," என்று அவர் சொன்னபோது எங்களால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த நாட்களில் அக்கா கத்தினார். வாயில் துணியை வைத்து அடக்கவில்லை. வரிசை வீடுகளில் உள்ளவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சிலர் பிள்ளைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பார்க்க வந்த பெரியவர் ஒருவர், "எப்படிப் பொறுமையா இருந்த புள்ள நீ, கொஞ்சம் பொறுத்துக்க ஆத்தா," என்றார். அக்கா அவரைப் பார்த்து, "பொறுத்து ஆச்சுங்க. இனி ஆகாதுங்க," என்றார்.

ஒரு காலையில் தம்மை மருத்துவமனை அலுவலகத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னார். ஆட்டோவில் மடியில் கிடத்திக் கொண்டுபோனோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் என் மணிக்கட்டை இறுக்கினார். அலுவலக அறைக்கு வெளியே பெஞ்சில் படுத்துக்கொண்டு, உள்ளே போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொன்னார். எங்கே வலிக்கிறது, எதுவரை போகிறது, மாத்திரை இருந்தபோது எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன் என்று நிதானமாக, நடுநடுவே கத்தி, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் சொன்னார். ஜெயம்மாவும் புட்டசாமியும் வந்து பக்கத்தில் நின்றார்கள். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். அதிகாரி வெளியே வந்து கேட்டுவிட்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே போய்ப் பெங்களூருக்கு ஃபோன் போட்டார். அதனால்தான் மருந்து வந்தது என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. அடுத்த வாரத்தில் வந்தது. அதற்குள் பெஞ்சருகே எங்களோடு நின்றவர்களில் இருவர் இறந்துவிட்டார்கள்.

மருந்து வந்தும் பழைய நிலை திரும்பவில்லை. அந்த இடைவெளியில் அக்காவின் உடம்பு மிகவும் இறங்கிவிட்டது. சாப்பாடு நின்றது. சிறுநீரகங்கள் பழுதாகிவிட்டன என்றார் டாக்டர். மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்தார். கடைசியில் விழுங்க முடியாமல் போனபோது, மாத்திரையை நசுக்கித் துளித் தண்ணீரில் கரைத்துக் கன்னத்தின் உட்புறம் விடும் முறையைச் சிஸ்டர் மாமாவுக்குக் காட்டினார். மாமா லேத்தில் உழைத்துக் காய்த்துப்போன தம் விரலால் அதைச் செய்தார். மகளுக்கு அக்கா சொன்ன கடைசிப் பேச்சு இது: "உனக்கு எங்கயாச்சும் நொந்துச்சுன்னா சொல்லீரோணும் கண்ணு. எம்மாதிரி இருக்காத." அதற்குப் பின் பேச்சில்லை. மாமா கையை நீட்டிக் காட்டினால் மணிக்கட்டையோ விரலையோ பார்ப்பார். ஒரு விடியற்காலையில் மூச்சு நின்றது. முகத்தில் சுளிப்பு இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். பெங்களூருக்கும் மைசூருக்கும் அலைந்த டாக்டருக்கும், அக்கா இறந்த செய்தி கேட்டுத் தம் விடுப்பு நாளில் சுடுகாட்டின் வாசல்வரை வந்த சிஸ்டருக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறது. வேலை நேரத்தை மாற்றிக் கொடுத்த மாமாவின் சக தொழிலாளர்களுக்கும், முறை வைத்துச் சோறு கொண்டுவந்த கம்பிக் கூடத்துப் பெண்களுக்கும், எங்கள் கஷ்டத்தோடு கூட இருந்த வரிசை வீட்டுக் குடும்பங்களுக்கும், ஊரிலிருந்து வந்து தங்கிக் காரியங்களை முடித்துக் கொடுத்த உறவினர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில நாட்கள் கழித்து, ஒரு மாலையில் புட்டசாமி வீட்டைத் தேடி வந்தார். எங்கள் வீட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, "அக்காவ்ரு இல்வா?" என்று கேட்டார். ஜெயம்மாவால் இப்போது மாத்திரை விழுங்க முடியவில்லை என்றும், என்ன செய்வதென்று அக்காவைக் கேட்டு வரச் சொன்னதாகவும் கன்னடத்தில் சொன்னார்.

நான் உள்ளேயிருந்து எழுந்தேன். மாமா என்னைக் கையால் நிறுத்திவிட்டு வெளியே போனார். வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார். மாத்திரையை எப்படி நசுக்குவது, எவ்வளவு தண்ணீர், எந்தக் கன்னத்தில், தலையை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். புண் இருக்கும் பக்கம் விடக் கூடாது என்றார். காலையிலேயே போய் சிஸ்டரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொன்னார். அளவை நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள், பயமாக இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள் என்றார். புட்டசாமி எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிச் சொல்லும்வரை மாமா விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு எழுந்த புட்டசாமி, அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன் என்று வீட்டுக்குள் பார்த்தார்.

அப்போதுதான் மாமா அவருடைய தோளில் கையை வைத்து, அக்கா இல்லை என்பதைச் சொன்னார்.